கிழிந்த தோளுக்குச் சாரம் கட்டலாமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அப்பாவுக்கு 67 வயது. தோளில் தசைநாண் (தசையை எலும்போடு இணைக்கும் நார்) கிழிந்து, சிறு துளை வழியாகத் தைத்தார்கள். எட்டு மாதம் கழித்து எம்.ஆர்.ஐ. எடுத்தால் மறுபடி கிழிந்திருக்கிறது. தையல் சரியில்லையா? இப்போது நாணுக்குச் சாரம்போல ஒரு ‘பேட்ச்’ (ஒட்டுத்துண்டு) வைக்கலாம் என்கிறார்கள்.
– வாசகி, திருச்சி

பதில்: தையலைக் குறை சொல்வதற்கு முன் ஒன்றைப் பாருங்கள். இந்த அறுவையில் நூல் அறுவதும் முடிச்சு அவிழ்வதும் குறைவு. நைந்த வேட்டியில் ஊசி போட்டு இழுத்தால் நூல் நிற்கும், துணி கிழியும் இல்லையா? அப்படித்தான் நூல் தசைநாணை அறுத்துக்கொண்டு வெளியே வந்துவிடுகிறது.

இன்னொரு காரணமும் உண்டு. இயற்கையில் நாண் எலும்போடு நேரடியாக ஒட்டியிருப்பதில்லை. நாண், நார்க்குருத்தெலும்பு, சுண்ணாம்பேறிய குருத்தெலும்பு, எலும்பு என்று நான்கு அடுக்குகள் சுமார் ஒரு மில்லிமீட்டருக்குள் ஒன்றிலிருந்து ஒன்றாக மாறுகின்றன. தைத்த பிறகு இந்த அடுக்குகள் திரும்ப வளர்வதில்லை. அந்த இடத்தில் வெறும் தழும்புத் திசுதான் வருகிறது. அமெரிக்காவில் 2004-இல் வெளியான ஓர் ஆய்வில், பெரிய கிழிசலைத் தைத்துக்கொண்ட 18 பேரில் 17 பேருக்கு மறுபடி விட்டுப்போயிருந்தது. ஆனாலும் அவர்களில் பலருக்கு வலி குறைந்திருந்தது. அதனால் படத்தை மட்டும் பார்த்து அவசரப்படாதீர்கள். அப்பாவுக்கு வலி இருக்கிறதா, கை தூக்க முடிகிறதா என்பதுதான் முதல் கேள்வி.

அடுத்து, அறிக்கையில் தசை எவ்வளவு கொழுப்பாக மாறியிருக்கிறது என்று பாருங்கள். ‘கூட்டாலியே’ என்பது இதை அளக்கும் தரவரிசை. அதில் தரம் 3 என்றால் தசைக்குச் சமமாகக் கொழுப்பு; 4 என்றால் தசையைவிடக் கொழுப்பு அதிகம். அந்த நிலையில் எந்தப் பேட்சும் தசையைத் திருப்பித் தராது.

கேள்வி: பேட்ச் என்பது பன்றிக் குடலில் செய்வதாமே, உண்மையா?
– வாசகர், கும்பகோணம்

பதில்: ஒரு வகை அப்படி இருந்தது. பெரிய கிழிசல் உள்ள 30 தோள்களில் அதைச் சோதித்த முடிவு 2006-இல் வந்தது. பேட்ச் வைத்த 15-இல் 4 மட்டுமே எலும்போடு ஒட்டிக் கூடின. வைக்காத 15-இல் 9 கூடின! பேட்ச் வைத்ததால் நிலைமை மோசமானது. அந்தப் படலம் சீக்கிரம் கரைந்து பலமிழக்கும். விலங்குச் செல்லின் மிச்சம் அதில் இருந்தால் உடல் அதை எதிர்த்து வீங்கவும் செய்யும். திசுவைச் சோப்புக் கரைசலில் கழுவிச் செல்களை நீக்கும்போது, ஒரு மில்லிகிராம் உலர்திசுவில் டி.என்.ஏ. 50 நானோகிராமுக்குக் கீழே இருக்க வேண்டும் என்று இன்று அளவுகோல் வைத்திருப்பது இதனால்தான்.

செல் நீக்கிய மனிதத் தோல் இதைவிட நன்றாக நின்றிருக்கிறது. 2012-இல் வந்த ஒப்பீட்டில், தோல் வைத்துத் தைத்தவர்களில் 85 சதவீதம் பேருக்கும் வைக்காதவர்களில் 40 சதவீதம் பேருக்கும் நாண் கூடியிருந்தது. மாட்டின் குதிநாண் கொலாஜனில் செய்த மெல்லிய பேட்ச் வேறு ரகம். அது பாரம் தாங்காது. நாணின் மேல் படர்ந்து, புதுத் திசு வளர இடம் கொடுத்துவிட்டுச் சுமார் ஆறு மாதத்தில் கரைந்துவிடும். பாதி கிழிந்த நாணைத் தடிப்பாக்க அது பொருத்தம். முழுக்கப் பிரிந்த நாணுக்குப் பாலமாக அதைப் போடக் கூடாது. “எந்தப் பொருள், பலத்துக்கா, வளர்ச்சிக்கா?” என்று மருத்துவரிடம் கேட்டே ஆக வேண்டும்.

கேள்வி: பி.சி.எல். என்ற, உடலில் மெல்லக் கரையும் பாலிமரில், மின்நூற்பு முறையில் (மின்னழுத்தத்தால் கரைசலை நுண்ணிழையாக இழுப்பது) செல்கள் வளர்வதற்கான சாரம் செய்கிறேன். இழைகள் அழகாக வருகின்றன, ஆனால் செல்கள் மேலேயே நின்றுவிடுகின்றன. தையல் போட்டு இழுத்தால் நீளவாக்கில் பிளக்கிறது.
– உயிர்மருத்துவப் பொறியியல் மாணவர், கோவை

பதில்: இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். இழைகளை நெருக்கமாக, ஒரே திசையில் அடுக்கியிருக்கிறீர்கள். செல்லின் அகலம் 10 முதல் 20 மைக்ரான். அரை மைக்ரான் இழைகளுக்கு நடுவே உள்ள இடைவெளியோ சில மைக்ரான்தான். பிறகு எப்படி நுழையும்? கரைசலின் செறிவைக் கூட்டி இழையை 2, 3 மைக்ரானாகத் தடிப்பாக்குங்கள். இன்னொரு ஊசியில் பி.இ.ஓ. என்ற, நீரில் கரையும் பாலிமர் இழையையும் சேர்த்து நூற்று, பிறகு தண்ணீரில் கரைத்தெடுத்தால் நடுவே வழி கிடைக்கும். அளவு மீறினால் படலம் தொய்ந்துவிடும். கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிப் பாருங்கள்.

பிளப்புக்குக் காரணம், இழைகளுக்குக் குறுக்கே பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லாததே. இழைகளைச் சுற்றிச் சேர்க்கும் 10 செ.மீ. விட்டமுள்ள உருளையை நிமிடத்துக்கு 2000 சுற்று ஓட்டினால் நேரான இழை வரும். மெதுவாக ஓட்டினால் கலைந்த இழை வரும். இரண்டு நேர் அடுக்குகளுக்கு நடுவே ஒரு கலைந்த அடுக்கு வையுங்கள். இழையில் மணி மணியாக விழுந்தால் கரைசல் நீர்த்திருக்கிறது என்று அர்த்தம். கிருமி நீக்க ஆட்டோகிளேவில் (சூடான நீராவிக் கலத்தில்) மட்டும் வைத்துவிடாதீர்கள்: பி.சி.எல். 60 டிகிரியில் உருகும், அங்கே 121 டிகிரி. எத்திலீன் ஆக்சைடு வாயு சரியாக இருக்கும்.

கேள்வி: பேட்ச் வைத்தால் சீக்கிரம் கையைத் தூக்கலாமா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: முழுக் கிழிசலைத் தைத்திருந்தால் கூடாது. பொதுவாக நான்கு முதல் ஆறு வாரம் ஸ்லிங். அதுவரை பிசியோதெரபிஸ்ட்தான் கையை அசைத்துவிட வேண்டும். ஆறு வாரத்துக்குப் பிறகு சொந்தமாக அசைக்கலாம், எடை தூக்கும் பயிற்சி 12 வாரத்துக்குப் பிறகுதான். மறுகிழிசல் பெரும்பாலும் முதல் சில மாதங்களிலேயே நடக்கிறது. வலி போய்விட்டதே என்று தண்ணீர்க் குடத்தைத் தூக்கிவிடாதீர்கள். புகைப்பழக்கம் இருந்தால் அறுவைக்கு முன்பே நிறுத்துங்கள், சர்க்கரையையும் கட்டுக்குள் கொண்டுவாருங்கள்.