டீச்சரிடம் கேளுங்கள்: எழுத்துப் பழக்கும் பொம்மைகள்

கேள்வி: டீச்சர், என் மகளுக்கு நாலு வயது முடிந்து மூன்று மாதம். கொழும்பில் கடையில் வேலை செய்யும் அவளுடைய அப்பா தீபாவளிக்கு வரும்போது புறக்கோட்டையில் ஒரு எழுத்துப் பழக்கும் பொம்மை வாங்கிவந்தார். பட்டனை அழுத்தினால் எழுத்து எங்கே தொடங்கி எந்தப் பக்கம் போகவேண்டும் என்று சின்னச் சின்ன வெளிச்சப் புள்ளிகள் ஓடிக் காட்டும், பிள்ளை அதன் மேலேயே பேனையை இழுக்கவேண்டும், முடித்தால் கைதட்டும் சத்தம் வரும். அதில் பிழையே விடமாட்டாள். ஆனால் கொப்பியைக் கொடுத்தால் ஒரு எழுத்தும் வருவதில்லை, பென்சிலைப் போட்டுவிட்டு அழுகிறாள். ஏன் இப்படி?
– ஒரு தாய், தலவாக்கலை

பதில்: தங்கச்சி, பிள்ளையைத் திட்டிவிடாதீர்கள், அவளிடம் ஒரு குறையும் இல்லை. அவள் பொம்மையில் செய்வது எழுதுவது அல்ல, வெளிச்சத்தைப் பின்தொடர்வது. அடுத்த புள்ளி எங்கே எரிகிறது என்று கண் பார்க்கிறது, கை அங்கே போகிறது, அவ்வளவுதான். அந்த எழுத்து முழுதாக எப்படி இருக்கும் என்று மனதுக்குள் நினைத்துப் பார்க்கவேண்டிய தேவையே அவளுக்கு வரவில்லை. கொப்பியில் புள்ளியும் இல்லை, வெளிச்சமும் இல்லை. வெறும் கடதாசியில் எங்கே தொடங்குவது என்று தெரியாமல் நிற்கும் பிள்ளை அழாமல் என்ன செய்யும்?

அமெரிக்காவில் இண்டியானா பல்கலைக்கழகத்தில் கேரின் ஜேம்ஸ் என்பவரும் அவருடன் வேலை செய்த ஒருவரும் 2012இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். இன்னும் வாசிக்கத் தெரியாத ஐந்து வயதுப் பிள்ளைகள் 15 பேர். சில எழுத்துகளைத் தாங்களாகவே பார்த்து எழுத வைத்தார்கள், சிலவற்றைப் புள்ளிக்கோட்டின் மேல் இழுக்க வைத்தார்கள், சிலவற்றைத் தட்டச்சில் அழுத்த வைத்தார்கள். பிறகு அந்த எழுத்துகளைக் காட்டி மூளையை ஸ்கேன் பண்ணிப் பார்த்தபோது, தாங்களாக எழுதிய எழுத்துகளுக்குத்தான் வாசிப்போடு சம்பந்தப்பட்ட பகுதிகள் நன்றாக வேலை செய்தன, மற்ற இரண்டுக்கும் அந்த அளவு இல்லை. பிள்ளை எழுதும் எழுத்து ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி கோணலாக வருகிறது அல்லவா, அந்தக் கோணல்தான் உதவுகிறது என்பது அவர்கள் சொல்லும் விளக்கம்: இத்தனை விதமாக இருந்தாலும் இது அதே எழுத்துதான் என்று மூளை பிடித்துக்கொள்கிறது. 15 பேர் என்பது சின்னத் தொகைதான், அதுவும் ஆங்கில எழுத்துகள். ஆனாலும் தோட்டப் பள்ளிக்கூடத்தில் முதலாம் தரத்துக்குப் படிப்பித்த எனக்கு அது புதிதாகத் தெரியவில்லை, வகுப்பில் கண்ணால் பார்த்ததைத்தான் அவர்கள் ஸ்கேனில் பார்த்திருக்கிறார்கள்.

ஒரு பையன் நினைவுக்கு வருகிறான். கொப்பியைத் திறக்கவே மாட்டான். ஜூலை மாத மழை, வகுப்பு ஜன்னல் கண்ணாடி முழுக்கப் பனி படிந்திருந்தது. இவன் நுனிக்காலில் நின்று சுட்டுவிரலால் ‘ட’ போட்டான், சுவெட்டர் கையால் துடைத்தான், வாயால் ஊதிப் பனி வரவைத்துத் திரும்பவும் போட்டான், நாலாவது தடவை கோடு கொஞ்சம் மேலே ஏறிப்போய் ‘ப’ ஆகிவிட்டது. திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தான். அன்றைக்குத்தான் அவன் முதல் எழுத்து எழுதினான் என்று நான் சொல்வேன்.

சரி, பொம்மையை என்ன செய்வது? தூக்கி அலுமாரியில் வைக்கவேண்டாம், அப்பா ஆசையாக வாங்கிவந்தது. ஒரு எழுத்தை மட்டும் இரண்டு தடவை வெளிச்சத்தோடு போடட்டும். உடனே பொம்மையை நிறுத்திவிட்டு, “இப்போது வெளிச்சம் இல்லாமல் அம்மாவுக்குப் போட்டுக் காட்டு” என்று கேளுங்கள். முதலில் காற்றில், பிறகு தட்டில் பரப்பிய அரிசியிலோ மாவிலோ, அப்புறம் சிலேட்டில், கடைசியாகத்தான் கொப்பி. விஜயதசமியன்று கோயிலில் ஏடு தொடக்கும்போது ஐயர் பிள்ளையின் விரலைப் பிடித்து அரிசியில்தானே எழுதவைக்கிறார், அந்த அரிசி வருசத்தில் ஒரு நாளோடு நின்றுபோக வேண்டியதில்லை. ‘அ’வில் தொடங்காதீர்கள், அதில் சுழியும் வளைவும் கோடும் ஒன்றாக வருவதால் சின்னக் கைக்குக் கஷ்டம். ட, ப, ம என்று போங்கள். கோணலாக வந்தால் அழிக்கவேண்டாம். ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் போதும்.

கேள்வி: என் மகள் குவைத்தில் வேலை செய்கிறாள், பேரனை நானும் என் மனைவியும் பார்த்துக்கொள்கிறோம். மகள் அனுப்பிய பொம்மை ஆங்கிலத்தில் மட்டும் பேசுகிறது. எங்கள் இருவருக்கும் ஆங்கிலம் தெரியாது. பேரன் ஏ, பி, சி என்று பாட்டாகப் பாடுகிறான், தமிழ் எழுத்து ஒன்றும் தெரியாது. இது சரியா?
– ஒரு தாத்தா, மஸ்கெலியா

பதில்: ஐயா, பாடட்டும், அதில் கெடுதல் இல்லை. ஆனால் எழுத்துக்குத் தமிழே முதலில் வரட்டும். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் கம்பனி 1978இல் ‘ஸ்பீக் அன்ட் ஸ்பெல்’ என்ற பேசும் பொம்மையைக் கொண்டுவந்தது, அது ஒரு சொல்லைச் சொல்ல பிள்ளை எழுத்துக்கூட்ட வேண்டும். வீட்டில் ஆங்கிலம் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு அந்தச் சொல் ஏற்கெனவே தெரியும், எழுத்து மட்டும்தான் புதிது. உங்கள் பேரனுக்கு ஆங்கிலத்தில் சொல்லும் புதிது, எழுத்தும் புதிது. ‘மலை’ என்றால் அவனுக்கு வாசலில் நின்றாலே தெரிகிறது, ‘ம’வை அங்கேயிருந்து தொடங்குங்கள். உங்களுக்கு ஆங்கிலம் தெரியாதது இதில் ஒரு குறையே இல்லை, அவனுக்குத் தேவையான மொழி உங்கள் வாயில் இருக்கிறது.

இன்னொன்று. மகள் வீடியோவில் பேசும்போது பேரன் அன்றைக்கு எழுதிய எழுத்தைக் கேமராவுக்கு முன்னால் பிடித்துக் காட்டட்டும். தூரத்தில் இருக்கும் அம்மா “இது ‘ம’தானே!” என்று கண்டுபிடித்துச் சொல்வது பொம்மையின் கைதட்டலைவிட அவனுக்குப் பெரிது, அவளுக்கும்தான். தமிழ் எழுத்துப் பொம்மை ஒன்று வாங்குவதாக இருந்தால் கடையிலேயே போட்டுப் பார்த்து வாங்கச் சொல்லுங்கள். ‘ழ’ ஒழுங்காகக் கேட்கிறதா, ‘கொ’வில் கொம்பும் காலும் ‘க’வின் இரண்டு பக்கமும் சரியான இடத்தில் நிற்கின்றனவா என்று பாருங்கள்.

கேள்வி: எங்கள் முன்பள்ளியில் 22 பிள்ளைகள். எழுதி அழிக்கும் எல்சிடி சிலேட்டுகளைப் பெற்றோர் சேர்ந்து வாங்கித்தரட்டுமா என்று கேட்கிறார்கள். வாங்கலாமா?
– முன்பள்ளி ஆசிரியை, பசறை

பதில்: வாங்கலாம். இந்த வகையில் எனக்குப் பிடித்தது இதுதான், ஏனென்றால் இது பிள்ளைக்கு எதையும் காட்டிக்கொடுப்பதில்லை, வெறும் சிலேட்டு. அழுத்தும் இடத்தில் உள்ளேயிருக்கும் திரவப் படிகம் நிலை மாறி வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புவதால்தான் கோடு தெரிகிறது, எழுதும்போது பற்றரி செலவாகாது, அழிக்கும் பட்டனுக்கு மட்டும்தான் பற்றரி. கண்ணுக்குள் வெளிச்சம் அடிக்கும் திரையும் அல்ல. குறை என்னவென்றால், ஒரு அழுத்தலில் எல்லாமே போய்விடும், போன மாதம் எப்படி எழுதினான் என்று பார்க்க ஒன்றும் மிஞ்சாது. அதனால் வெள்ளிக்கிழமை தோறும் ஒவ்வொரு பிள்ளையையும் ஒரு கடதாசியில் எழுதவைத்துத் திகதி போட்டு வையுங்கள்.

ஆனால் ஒரு விசயத்தில் மிகக் கவனமாக இருங்கள், தங்கச்சி. இவற்றில் பெரும்பாலும் சட்டைப் பொத்தான் மாதிரி வட்டப் பற்றரிதான் இருக்கும். அதைப் பிள்ளை விழுங்கி உணவுக்குழாயில் சிக்கினால் 2 மணித்தியாலத்துக்குள்ளேயே உள்ளே புண்ணாக்கிவிடும், வெளியே ஒரு அறிகுறியும் தெரியாமலும் இருக்கலாம். மூடி ஸ்குரூ போட்டு இறுக்கியதாக இல்லாவிட்டால் வாங்கவே வேண்டாம். விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே வாந்தியெடுக்க வைக்காமல், சாப்பிடக் கொடுத்துப் பார்க்காமல் உடனே ஆஸ்பத்திரி. வாகனம் இல்லையென்றால் 1990 அம்புலன்ஸ் எண்ணுக்கு அடியுங்கள். பழைய பற்றரியை மேசை லாச்சியில் போட்டு வைக்காதீர்கள். விடுமுறைக்கு முன்னால் பற்றரிகளைக் கழற்றி, பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள், நம் பக்கத்து ஈரத்துக்கு உள்ளே பச்சை பிடித்துவிடும்.

கேள்வி: மகன் இடது கைக்காரன். பொம்மையின் பேனை வலது பக்கம் கயிற்றில் கட்டியிருக்கிறது, அதனால் கை மாற்றப் பார்க்கிறான். வலது கைக்கே பழக்கிவிடவா?
– ஒரு தந்தை, பண்டாரவளை

பதில்: வேண்டவே வேண்டாம். கயிற்றைக் கழற்றிவிட்டுப் பேனையைத் தனியாகக் கொடுங்கள். கொப்பியில் எழுதும்போது அதன் மேல்பக்கம் கொஞ்சம் வலதுபக்கம் சாய்ந்திருக்கும்படி வைத்தால், தான் எழுதுவது அவனுக்கே தெரியும், கை மறைக்காது. வீட்டில் பெரியவர்கள் “சோத்துக் கையால் எழுது” என்று சொன்னால், பிள்ளை தூங்கின பிறகு அவர்களோடு நீங்கள் பேசுங்கள், அவன் முன்னால் வேண்டாம்.