மண் வீடு: கேட்டவர்களுக்குப் பதில்

புதுக்கோட்டைப் பக்கம் எங்கள் வீட்டை நானும் மனைவியும் உறவுக்காரர்களும் மண் மிதித்துக் கையாலேயே எழுப்பினோம். ஏழு மழைக்காலம் தாண்டிவிட்டது. அதைப் பார்த்தும் கேள்விப்பட்டும் பலர் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

அண்ணா, எங்கள் தோட்டம் முழுக்கச் செம்மண். அப்படியே எடுத்துச் சுவர் வைக்கலாமா? (காரைக்குடி)

நிறத்தை நம்பாதீர்கள் தம்பி. மேல்மண் ஓர் அடியை வழித்து ஒதுக்குங்கள். வேரும் மக்கும் கலந்த அந்த மண் செடிக்கு உரியது. அடுத்த மண்ணைக் கண்ணாடி பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு போட்டு, நீர் நிரப்பி, கொஞ்சம் உப்புப் போட்டுக் குலுக்கி அசையாமல் வையுங்கள். மணல் ஓரிரு நிமிடத்தில் அடியில் தங்கும். வண்டல் படியச் சில மணி நேரமாகும். களிமண் படிய ஒரு நாளும் ஆகும், அதற்கு மேலும் ஆகும். களிமண் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு இருந்தால் நல்ல சுவர் மண். கூடினால் வெடிக்கும், குறைந்தால் உதிரும்.

பாட்டில் பாதிதான் சொல்லும். அதே மண்ணில் வைக்கோல் போட்டு, போடாமல், மணல் கூட்டி என்று நாலைந்து மண்கல் அறுத்து நிழலில் காய வையுங்கள். இடுப்பு உயரத்திலிருந்து கீழே போட்டால் எது உங்கள் கலவை என்று தெரிந்துவிடும். இதற்கு ஒரு மாதம் போனாலும் போகட்டும்.

எங்களுக்குக் கரிசல்தான் கிடைக்கிறது. (கோவில்பட்டி)

கரிசலை மட்டும் வைத்துச் சுவர் வேண்டாம். ஈரத்தில் உப்பி, காய்ந்ததும் சுருங்கும். அஸ்திவாரத்துக்கு அடியிலும் அதே வேலைதான் செய்யும். சுவருக்கு வெளியிலிருந்து மண் கொண்டுவாருங்கள். அஸ்திவாரத்தைப் பொறியாளரிடம் காட்டாமல் தோண்டாதீர்கள்.

மழையில் கரைந்துவிடாதா ஐயா? (சென்னை)

நனைந்தால் கரையும், அதனால் நனைய விடக்கூடாது. தரையிலிருந்து ஒன்றரை, இரண்டு அடிக்குக் கருங்கல் கட்டு. மேலே மூன்றடி வெளியே நீளும் இறவாரம். சுவரோரம் நீர் தேங்காத வாட்டம். கரையானுக்கும் அந்தக் கருங்கல் கட்டுதான் முதல் காவல்.

முதல் வருடம் நான் கூரை போடத் தாமதித்தேன். ஐப்பசி மழையில் மேற்குச் சுவரின் மேல் மூன்று படை (மண் அடுக்கு) அப்படியே இறங்கிவிட்டது. அன்று மனைவி அழுதாள். ஆனால் விழுந்த மண்ணையே அள்ளிக் குழைத்து மறுபடி வைத்தோம். தை பிறந்ததும் ஆரம்பியுங்கள், ஆடிக்குள் கூரை ஏறட்டும். நாளுக்கு ஓர் அடிக்கு மேல் எழுப்பாதீர்கள். கீழே உள்ள படை இறுகாமல் அடுத்த படை வைத்தால் சுவர் பிதுங்கும்.

ஏமனின் ஷிபாம் நகரில் சுடாத மண்கல்லால் கட்டிய ஏழு மாடி வீடுகள்கூட நிற்கின்றன. பெரும்பாலும் 16ஆம் நூற்றாண்டிலிருந்து வந்தவை. அங்கும் பூச்சைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கிறார்கள்.

கொத்தனார் சிமெண்ட் பூசச் சொல்கிறாரே?

தயவுசெய்து வேண்டாம். மண் சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விடும். சிமெண்ட் அதை அடைத்துவிடும். ஈரம் உள்ளேயே நின்று சுவர் இளகும், பூச்சு பத்தை பத்தையாகப் பெயரும். நீற்றிய சுண்ணாம்பும் மணலும் கலந்து, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய நீர் விட்டுப் பூசுங்கள். செட்டிநாட்டு வீடுகளில் தடவிப் பார்த்தால் கண்ணாடி மாதிரி வழவழப்பாக இருக்கிறதே, அதுவும் சுண்ணாம்புதான். குளியலறைக்கு மட்டும் சுட்ட செங்கல் வைத்துக்கொள்ளுங்கள்.

மாடி கட்ட முடியுமா?

கையால் வைத்த சுவரில் நான் சொல்லமாட்டேன். மண்ணோடு சுமார் 5 சதவீதம் சிமெண்ட் கலந்து இயந்திரத்தில் அழுத்திய கல் அதற்குச் சரி. சூளை வேண்டாம், நான்கு வாரம் நீர் தெளித்துப் பதப்படுத்தினால் போதும். ஆரோவில்லில் 1989 முதல் இதற்கென்றே ஒரு நிறுவனம் பயிற்சி கொடுக்கிறது.

செலவு குறையுமா?

நீங்களே மிதித்தால் குறையும். ஆள் வைத்தால் கூலி ஏறிவிடும். கூரை, கதவு, மின்கம்பிச் செலவு எந்த வீட்டுக்கும் ஒன்றுதான்.

அம்மா பிறந்த மண் வீடு ஊரில் விரிசல் விட்டிருக்கிறது. இடிக்கச் சொல்கிறார்கள் அண்ணா. (தேனி)

அவசரப்படாதீர்கள் சகோதரி. முதலில் தூக்குக்குண்டு விட்டுப் பாருங்கள். சுவர் சாயாமல், அடி அரிக்காமல் இருந்தால் விரிசலைக் கீறி நனைத்து, அதே மண்ணைக் குழைத்து அடைக்கலாம். சாய்ந்திருந்தால் விவரம் தெரிந்தவரை அழைத்துக் காட்டுங்கள். அதற்கு முன்பு, அந்த வீட்டுக்கு எந்தக் கண்மாயில் மண் எடுத்தார்கள் என்று அம்மாவிடம் கேட்டு எழுதி வையுங்கள்.