மழை விடுமுறையில் போன் வழிப் பாடம்

கேள்வி: மழைக்காகப் பள்ளி மூடும் நாட்களில் இரண்டாம் வகுப்புக்கு போனிலேயே பாடம் நடத்தச் சொல்கிறார்கள். 22 பிள்ளைகள். எப்படித் தயாராவது?
– வாசகி, கடலூர்

பதில்: முதலில், எந்த வீட்டில் எத்தனை மணிக்கு போன் இருக்கும் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள் டீச்சர். 2020 மார்ச்சில் பள்ளி மூடியபோது நான் காலை பத்து மணிக்கு வீடியோ அனுப்புவேன். போனோ அப்பாவோடு வேலைக்குப் போயிருக்கும். தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டு வரை திறக்க 2021 நவம்பர் 1 ஆகிவிட்டது. அதற்குள் இரவு ஏழரைக்கு இரண்டு நிமிட வாய்ஸ் மெசேஜ் என்று மாற்றிக்கொண்டேன். பிள்ளைகள் பதில் அனுப்பத் தொடங்கினார்கள்.

எழுத்துக்கு உங்கள் முகம் தெரிய வேண்டாம், கை தெரியட்டும். இரண்டு அரிசி டப்பாக்களின் மேல், கேமரா துருத்தி நிற்கும்படி போனைப் படுக்கவைத்து, கீழே சிலேட்டில் எழுதுங்கள். 'ழ'வின் வால் எந்தப் பக்கம் வளைகிறது என்பது பிள்ளைக்கு அப்படியே தெரியும்.

கணக்குக்குப் புளியங்கொட்டை. மழைக்கு முன்பே ஆளுக்கு இருபது கொடுத்தனுப்புங்கள்.

அப்புறம், போனே இல்லாத வீடுகள். பள்ளி திறந்த அன்று முதலில் அந்தப் பிள்ளைகளைப் பக்கத்தில் உட்காரவைத்து வாசிக்கச் சொல்லுங்கள்.