கனவென்று அறிந்தே காணும் கனவு

கேள்வி: கனவுக்குள்ளேயே 'இது கனவு' என்று சில இரவுகளில் எனக்குத் தெரிந்துவிடுகிறது. இது மனநோயின் அறிகுறியா, ஆன்மிக அனுபவமா?

பதில்: இதனை நோயென்று அஞ்ச வேண்டாம். கனவு மிகுந்த உறக்கத்தில் உடலின் தசைகள் செயலற்றுக் கிடந்தாலும் கண்கள் அசையும் என்பதால், 1975-இல் இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் கீத் ஹெர்ன் நடத்திய ஆய்வில் பங்கேற்ற ஒருவர், முன்பே பேசிவைத்தபடி கண்களை இடமும் வலமுமாக அசைத்து, தாம் கனவை அறிந்திருப்பதை உறக்கத்திலிருந்தே தெரிவித்தார். திபெத்திய பௌத்தம் இவ்விழிப்பை நாரோபா என்னும் இந்திய பௌத்தச் சித்தரின் ஆறு யோகங்களுள் ஒன்றாகப் பயில்கிறது. காண்பவை யாவும் மனத்தின் தோற்றங்களே என்று உணர்வது அதன் நோக்கம். மறைந்த என் தந்தையார் ஒருமுறை கனவில் வந்தபோது, அவர் உயிரோடு இல்லை என்பதை அறிந்துகொண்டே அவரருகில் அமர்ந்திருந்தேன். அந்த அமைதி விழித்த பின்னும் நெடுநேரம் நீடித்தது. உங்களுக்கு உறக்கம் ஏற்கெனவே குறைவு என்றால், இத்தகைய கனவை வரவழைக்கும் பயிற்சிக்காக நள்ளிரவில் அலாரம் வைத்து எழுவதை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.