வகுப்பறையில் தன்னம்பிக்கை: ஆசிரியர் பயிற்றுநரிடம் கேளுங்கள்

கேள்வி: விடை தெரிந்தும் வாய் திறக்காத மாணவியை எப்படிப் பேசவைப்பது, ஐயா? (ஐந்தாம் வகுப்பு ஆசிரியை)

பதில்: கேள்வி கேட்டபின் எவ்வளவு நேரம் பொறுக்கிறீர்கள் என்று முதலில் கவனியுங்கள். அமெரிக்கக் கல்வியாளர் மேரி பட் ரோ வகுப்பறைப் பேச்சுகளைப் பதிவுசெய்து ஆராய்ந்தபோது, ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிகூடப் பொறுக்காமல் அடுத்த பிள்ளையிடம் தாவுவதும், அதை மூன்று நொடியாக்கினாலே ஒதுங்கியிருந்த பிள்ளைகளும் பேசத் தொடங்குவதும் தெரியவந்தன. முதலில் சிலேட்டில் எழுதட்டும், பக்கத்துப் பிள்ளையிடம் சொல்லட்டும், பிறகு வகுப்புக்குச் சொல்லட்டும். எட்டேழு 54 என்றால் ‘தப்பு’ என்று அடித்துவிடாமல், ‘ஏழேழு எவ்வளவு?’ என்று கேளுங்கள். 49 என்பாள்; ‘இன்னும் ஒரு ஏழைச் சேர்’ என்றால் 56-ஐ அவளே கண்டுபிடிப்பாள். தானே எட்டிய விடை தரும் தெம்பை நம் பாராட்டு தராது. பெயரும் மதிப்பெண்ணும் சேர்த்து வகுப்பில் உரக்க வாசிக்காதீர்கள்.

கேள்வி: ‘நீ கெட்டிக்காரி’ என்று பாராட்டலாமா?

பதில்: வேண்டாம். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் முல்லர், டுவெக் என்ற உளவியலாளர்கள் இருவரும் நடத்தி 1998-இல் வெளியிட்ட ஆய்வில், அறிவுக்காகப் பாராட்டப்பட்டவர்கள், முயற்சிக்காகப் பாராட்டப்பட்டவர்களைவிட, தோல்விக்குப்பின் எளிதில் துவண்டார்கள். ‘படம் போட்டுப் பார்த்தாயே, அது நல்ல வழி’ என்று செய்ததைச் சுட்டிச் சொல்லுங்கள்.

கேள்வி: ‘வெரி குட்’ சொல்லலாமா?

பதில்: மேலே சொன்னதுதான். எது குட் என்பதையும் சொல்லுங்கள்.

கேள்வி: மகன் எழுத்துகளை மாற்றி மாற்றி எழுதுகிறான். நம்பிக்கைக் குறைவா?

பதில்: பார்க்காமல் சொல்லக்கூடாது. வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியரிடம் காட்டுங்கள்.

கேள்வி: மதிப்பெண்ணை வாசிக்காவிட்டால் ரோஷம் எப்படி வரும்? நாங்கள் அப்படித்தானே படித்து வந்தோம். (ஒரு தந்தை)

பதில்: வந்தவர்கள்தான் இங்கே எழுதுகிறீர்கள், அந்த வாசிப்போடு பள்ளியை விட்டு நின்றவர்கள் எழுத வரவில்லை. உடல் தண்டனையோடு மனத் துன்புறுத்தலையும் 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு தடை செய்கிறது.

கேள்வி: அப்படியானால் தமிழ்நாடு அரசின் அடிப்படை எழுத்து, கணக்குத் திட்டமான எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளைப் பிரிக்கும் அரும்பு, மொட்டு, மலர் என்ற கற்றல் நிலைகள் மட்டும் தரம் பிரிப்பதில்லையா? (அதே தந்தை)

பதில்: நல்ல கேள்வி. 2022-இல் தொடங்கிய அத்திட்டத்தில் அந்நிலைகள், யாருக்கு எதைக் கற்பிப்பது என்று ஆசிரியர் திட்டமிடுவதற்கானவை. ‘ஏய் அரும்பு, இங்கே வா’ என்று கூப்பிடும் வகுப்பில் நீங்கள் சொல்வது சரிதான். அங்கே அது பட்டப்பெயராகிவிடுகிறது. நிலை ஆசிரியரின் பதிவேட்டில் இருக்கட்டும்; பிள்ளையைப் பெயர் சொல்லி அழையுங்கள்.

கேள்வி: ரேங்க் போட்டால் என்ன தவறு?

பதில்: மதிப்பெண்ணை உரக்க வாசிப்பதும் ரேங்க் போடுவதும் ஒன்றுதான்; மேலே இருமுறை சொல்லியாயிற்று.