ரொறன்ரோவின் கோடை விழாக்கள்: கேட்டவர்களுக்குப் பதில்

கேள்வி: அண்ணா, கரிபானா என்ற கறீபியன் கார்னிவலுக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகலாமா? சின்னவளுக்கு ஐந்து வயது.

போகலாம் தங்கச்சி. ஆனால் சனிக்கிழமைப் பெரிய ஊர்வலம் அவளுக்கு வேண்டாம். ஓகஸ்ட் தொடக்கத்து நீண்ட வாரயிறுதியில் லேக் ஷோர் வீதியில் நடக்கும் அது, காலையில் தொடங்கிப் பின்னேரம் வரை இழுபடும். ஓர் அணி போய் மற்றது வரும்வரை வெறும் தெருவைப் பார்த்துக்கொண்டு நிற்கவேண்டும். நிழலும் குறைவு. கொஞ்ச நேரத்தில் பிள்ளை உங்கள் தோளில் ஏறிவிடும். ஜூலையில் சிறுவர்களுக்கென்றே ஜூனியர் கார்னிவல் வைக்கிறார்கள். அதே சிறகு, அதே மினுக்கம், ஆடுவது மட்டும் குட்டிகள். அவளுக்கு அதுதான் சரி.

நீங்கள் இருவர் மட்டும் போவதென்றால், ஊர்வலத்துக்கு முன்னால் வியாழன் இரவில் வரும் கிங் அண்ட் குயீன் போட்டிக்கு ரிக்கெற் எடுங்கள். கம்பி, துணி, சிறகு எல்லாம் சேர்த்து வீட்டுக்கூரை உயரத்துக்குக் கட்டிய உடையின் அடியில் சில்லுப் பூட்டியிருக்கும். ஒரே ஆள் அதை இழுத்துக்கொண்டே ஆடுவார். ஏரிக்காற்று ஒரு பக்கம் பிடித்தால் உடை முழுக்கச் சரியும். அவர் முழங்காலை மடித்து மறுபக்கம் சாய்ந்து, தாளம் தப்பாமல் அதை நிமிர்த்துவார். ஊர்வலத்தைவிட எனக்கு இதுதான் மேல்.

கேள்வி: கரிபானாவில் அரைகுறை உடுப்போடு ஆடுவதில் எங்களுக்கு என்ன இருக்கிறது தம்பி?

ஐயா, உடுப்பைப் பற்றி நான் வாதாட வரவில்லை. கதையை மட்டும் சொல்கிறேன். 1967இல் கனடாவின் நூற்றாண்டுக்குக் கறீபியன் சமூகம் கொடுத்த பரிசாகத்தான் இது தொடங்கியது. பிரித்தானியப் பேரரசில் அடிமைமுறையை ஒழித்த சட்டம் நடைமுறைக்கு வந்தது 1834 ஓகஸ்ட் 1. விழா ஓகஸ்டை ஒட்டி வருவதில் அந்த நினைவும் இருக்கிறது.

அடிமைகள் விடுதலையான பிறகு கரும்புத் தோட்டத்துக்கு ஆள் தேவைப்பட்டது. ஒப்பந்தக் கூலிகளாக இந்தியர்களை ஏற்றினார்கள். 1845இல் முதல் கப்பல் கறீபியன் தீவான டிரினிடாட்டுக்குப் போனது. பிறகு சென்னைத் துறைமுகத்திலிருந்தும் ஆட்கள் போனார்கள், அவர்களில் தமிழரும் உண்டு. ஊர்வலத்தில் நீங்கள் கேட்கும் சோகா இசையையே எடுங்கள். 1970களில் டிரினிடாட்டின் பாடகர் லோர்ட் ஷோர்ட்டி அந்தத் தீவின் பழைய பாட்டு வகையான கலிப்சோவோடு இந்தியத் தாளங்களைக் கலந்து உருவாக்கியது அது. அந்தச் சத்தத்தில் எங்கள் பக்கத்து ஆட்களின் பங்கும் இருக்கிறது ஐயா.

கேள்வி: நான் சைவம். இந்த விழாக்களில் பட்டினிதானா?

பட்டினி கிடக்கத் தேவையில்லை. கறீபியன் கடையில் 'டபிள்ஸ்' கேளுங்கள். பொரித்த இரண்டு மெல்லிய ரொட்டிக்கு மேல் கடலைக்கறி, புளிச்சட்னி, மிளகாய்ச் சாறு. உறைப்பு எவ்வளவு என்று கேட்பார்கள். 'ஸ்லைட்' என்றால் கொஞ்சம். எங்களுக்கு உறைப்புப் பழக்கம்தானே என்று துள்ளவேண்டாம், அது ஸ்கொட்ச் பொனெற் மிளகாய். ஓகஸ்டில் டான்ஃபோர்த் வீதியில் நடக்கும் கிரேக்க விழாவில், கொதிக்கும் எண்ணெயில் உருண்டையாய்ப் பொரித்துத் தேன் ஊற்றித் தரும் லுக்குமாடெஸ் இருக்கும். கீரையை மாவில் பொதிந்து சுடும் ஸ்பனகோபிடாவில் முட்டை சேர்ப்பவர்கள் உண்டு, கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: கார் எங்கே விடுவது?

வீட்டில். டான்ஃபோர்த்துக்கு செஸ்ரர் அல்லது பேப் சப்வே நிலையத்தில் இறங்கினால் விழாவுக்குள்ளேயே ஏறி வருவீர்கள். கரிபானாவுக்கு யூனியன் நிலையத்திலிருந்து எக்ஸிபிஷன் நிலையத்துக்குக் கோ (GO) ரயில். நகரப் போக்குவரத்தான ரிரிசியிலும் (TTC) கோ ரயிலிலும் 12 வயது வரையான பிள்ளைகளுக்குக் காசு இல்லை.

கேள்வி: யங் வீதியில் தேர் இழுப்பதாகக் கேள்விப்பட்டேன், உண்மையா?

உண்மை. ஜூலையில் ஜெகந்நாதர் ரதயாத்திரை. யாரும் வடம் பிடிக்கலாம், எந்த ஊர் எந்தச் சமயம் என்று ஒருவரும் கேட்பதில்லை. தேர் போன பிறகு மிச்ச விழா ஏரியிலுள்ள சென்ரர் ஐலண்ட் தீவில். படகு ரிக்கெற்றை முதலே இணையத்தில் எடுத்துவிடுங்கள். வெயில் நாளில் அந்தப் படகுத்துறை வரிசை பொறுமையைச் சோதிக்கும்.

கேள்வி: பூர்வகுடிகளின் பவ்வாவ் நிகழ்ச்சியில் படம் எடுக்கலாமா?

ஜூன் 21 தேசிய பூர்வகுடிகள் நாளை ஒட்டி நகரில் பவ்வாவ் நடக்கும், பூர்வகுடிகள் கூடி ஆடிப் பாடும் விழா அது. ஆடுபவர் அணிந்திருப்பதை வேஷம் என்று சொல்லாதீர்கள். பல உடைகள் குடும்பத்தில் கைமாறி வந்தவை. ஒவ்வொரு மணியும் கையால் கோத்தது. தொடவும் படாது. தனியாளைப் படம் எடுக்கமுன் கேளுங்கள். அறிவிப்பாளர் கமராவை இறக்கச் சொன்னால் இறக்கிவிடுங்கள். தொடக்க ஊர்வலம் உள்ளே வரும்போது எல்லோரும் எழுந்து நிற்பார்கள், நீங்களும் எழும்புங்கள்.

கேள்வி: வேலைத்தலத்து வெள்ளைக்காரச் சிநேகிதர்களை எங்கள் தெருவிழாவுக்குக் கூட்டிப்போக ஆசை. எப்படிக் காட்டுவது?

2015இல் மார்க்கம் வீதியில் தொடங்கிய தமிழர் தெருவிழாவைத்தானே சொல்கிறீர்கள்? வழமையாக ஓகஸ்ட் கடைசி. அந்த வருடத்துத் திகதியை உறுதிப்படுத்திக்கொண்டு வாருங்கள். வந்ததும் வரலாற்று வகுப்பு எடுக்காதீர்கள் தங்கச்சி. நேரே கொத்துரொட்டிக் கடைக்கு முன்னால் நிறுத்துங்கள். இரண்டு தகடும் கல்லில் விழுகிற சத்தத்துக்கு ஆள் தானாக ஃபோனை எடுப்பார். ஒரு தட்டை இரண்டு பேருக்கு வாங்குங்கள், அப்போதுதான் வயிற்றில் வேறு கடைக்கும் இடமிருக்கும். பறை தொடங்கினால் மேடைக்குக் கிட்டப் போங்கள், தூரத்திலிருந்து கேட்டால் அது வெறும் இரைச்சல். கேள்வி வந்தால் மட்டும் பதில் சொல்லுங்கள்.

கேள்வி: மழை வந்தால்?

தூறலுக்கு றெயின் கோட் போதும். குடை விரித்தால் பின்னால் நிற்பவர் ஏசுவார். இடி கேட்டால் கூடாரத்துக்குக் கீழே ஒதுங்காமல் கட்டடத்துக்குள்ளே போங்கள்.