மேற்குப் பார்த்த ஹாலுக்கு எத்தனை பருவம்?

கேள்வி: மடிப்பாக்கத்தில் மூன்றாவது மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். பத்துக்குப் பதினாலு அடி ஹால், பால்கனி மேற்குப் பார்த்தது. ஒவ்வொரு பருவத்துக்கும் ஹாலை மாற்றி அலங்கரிக்கும் வீடியோக்களைப் பார்த்து ஆசைப்பட்டு, போன வருஷம் ஆரஞ்சு நிற இலைத் தோரணம், மெரூன் வெல்வெட் ஸ்கிரீன், முடி வைத்த கார்ப்பெட் எல்லாம் வாங்கிப் போட்டேன். நவம்பரில் ஹால் முழுக்க ஈரவாடை. ஏப்ரலில் சாயங்காலம் நாலு மணிக்கு உள்ளே உட்கார முடியவில்லை. பகல் முழுவதும் ஹாலிலேயே இருக்கும் மாமியார், "இது ஹாலா, ஜவுளிக்கடையா?" என்கிறார். வீட்டுக்காரர் ஆணி அடிக்க விடமாட்டார். வருஷத்துக்கு ஐயாயிரம் ரூபாய்க்குள் ஏதாவது செய்ய முடியுமா? சுவரில் ஒட்டும் வால்பேப்பர் போடலாமா?
பெயர் வேண்டாம், சென்னை.

பதில்: தாராளமாகச் செய்யலாம். முதல் வேலையாக அந்த இலைத் தோரணத்தைக் கழற்றிவிடுங்கள். அக்டோபரில் இலை பழுத்து உதிர்கிற ஊர்களுக்கு அது சரி. அங்கே அடுத்து வருவது பனி. அதனால் கம்பளி, வெல்வெட், முடிக் கார்ப்பெட் என்று வீட்டுக்குள் கதகதப்பைச் சேர்த்துக்கொண்டே போகிறார்கள். உங்கள் பால்கனிக்கு வெளியே அக்டோபரில் தொடங்குவது வடகிழக்குப் பருவமழை. சென்னைக்கு ஒரு வருஷத்தில் கிடைக்கும் ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர் மழையில் பாதிக்கு மேல் அக்டோபருக்கும் டிசம்பருக்கும் நடுவே கொட்டித் தீர்க்கிறது. அந்த நேரத்தில் ஈரத்தைப் பிடித்து வைக்கும் துணிகளாகப் பார்த்து ஹாலை நிரப்பியிருக்கிறீர்கள். வாடை வராமல் என்ன செய்யும்?

உங்கள் ஹாலுக்கு வருஷத்தில் மூன்று வேலைதான். மார்ச் முதல் வெயிலை வெளியே நிறுத்துவது, ஐப்பசி, கார்த்திகையில் ஈரத்தை உள்ளே தங்கவிடாமல் பார்ப்பது, மார்கழி பாதியிலிருந்து மாசி வரை ஆசை தீர அலங்கரிப்பது. பொருள் வாங்குவதை விட்டுவிட்டு, துணியையும் விளக்கையும் ஆள் உட்காரும் இடத்தையும் மாற்றுங்கள், போதும். தனியாக நாள் குறிக்கவும் வேண்டாம். போகிக்கும், சித்திரைப் பிறப்புக்கும், ஆயுத பூஜைக்கும் எப்படியும் வீட்டை ஒழிக்கத்தானே போகிறோம்? ஒட்டடை அடித்த கையோடு துணியையும் மாற்றிவிடலாம்.

செலவே இல்லாத மாற்றத்திலிருந்து தொடங்குவோம். ஹாலுக்குள் நின்று பால்கனியைப் பாருங்கள். உங்கள் வலது கை வடக்கு, இடது கை தெற்கு. மே, ஜூனில் சூரியன் நேர் மேற்கில் மறைவதில்லை, வடமேற்கில் சாய்ந்து மறைகிறது. அதனால் சாயங்கால வெயில் குறுக்கே வந்து உங்கள் இடது பக்கச் சுவரில் அடிக்கும். டிசம்பரில் சூரியன் தென்மேற்கில் இறங்குவதால் அதே வெயில் வலது பக்கச் சுவருக்குப் போய்விடும். சோஃபா எந்தப் பக்கம் இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. ஏப்ரலில் நாலு மணிக்கு உட்கார முடியவில்லை என்பதை வைத்துப் பார்த்தால் இடது பக்கம்தான் இருக்க வேண்டும். வலது சுவரோரம் போட்டுப் பாருங்கள். கோடையில் அங்கே நிழல் இருக்கும், மார்கழியில் இதமான வெயில் வரும். டிவிக்கான ப்ளக் பாயின்ட் அந்தப் பக்கம்தான் இருக்கிறது என்றால் டிவியை அசைக்க வேண்டாம், மாமியார் உட்காரும் நாற்காலியை மட்டுமாவது நகர்த்துங்கள். பகலெல்லாம் ஹாலில் இருப்பவர் அவர். எந்த மாதம் எங்கே சுடுகிறது என்று உங்களைவிட அவருக்கு நன்றாகத் தெரியும், கேட்டுப் பாருங்கள்.

இனி வெயில் காலம். மே 4 வாக்கில் தொடங்கி மாதக் கடைசி வரை அக்னி நட்சத்திரம் என்றாலும், மேற்குப் பார்த்த வீட்டுக்காரர்களுக்கு மார்ச்சிலேயே கத்திரி பிறந்துவிடும். உள்ளே எவ்வளவு கனமான ஸ்கிரீன் போட்டாலும் பலன் பாதிதான். வெயில் கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்துவிட்ட பிறகு துணி சூடாகி, அந்தச் சூடு ஹாலுக்குள்தான் இறங்கும். அடர் மெரூன் என்றால் கேட்கவே வேண்டாம். கண்ணாடிக்கு வெளியே, பால்கனியிலேயே தடுக்க வேண்டும். மூங்கில் தட்டி ஒன்று வாங்குங்கள், சுருட்டி ஏற்றி இறக்குகிற வகை. ஆணி வேண்டியதில்லை. துணி காயப்போட மேலே கம்பி இருக்கும் அல்லவா, அதிலேயே நைலான் கயிற்றால் கட்டித் தொங்கவிட்டு, கீழ் முனையைக் கிரில்லோடு இறுக்கிவிடுங்கள். உங்கள் ஐயாயிரத்தில் பெரிய செலவு இதுவாகத்தான் இருக்கும்.

வெட்டிவேர்த் தட்டி கட்டித் தண்ணீர் தெளிக்கலாமே என்று யாராவது சொல்வார்கள். வேலூர், திருச்சி மாதிரி வறண்ட வெயில் அடிக்கும் ஊர்களில் அது பிரமாதமாகக் குளிரும், ஏனென்றால் ஈரம் ஆவியாகும்போதுதான் காற்று குளிர்கிறது. கடலோரச் சென்னையில் காற்றே பாதி ஈரம். மணம் கிடைக்கும், குளிர்ச்சி கொஞ்சம்தான். மணத்துக்காக என்றால் ஒரு கைப்பிடி வெட்டிவேரை மண்பானைத் தண்ணீரில் போட்டுக் குடித்துவிட்டுப் போகலாம்.

ஹாலுக்குள் தொங்கவிட வெளிர் நிறப் பருத்திச் சேலையே போதும். ஐந்தரை மீட்டர் சேலை என்பது 18 அடி. பால்கனிக் கதவுக்கு ஏழு அடி உயரம் வேண்டும். மேலே கம்பி நுழையும் மடிப்பு, கீழே ஓர மடிப்பு எல்லாம் சேர்த்து ஏழே முக்கால் அடி வீதம் இரண்டு துண்டு வெட்டினால் இரண்டரை அடி மிஞ்சும். அதில் பதினாறு அங்குலக் குஷன் இரண்டுக்கு முன்பக்கம் கிடைத்துவிடும். பின்பக்கத்துக்கு ஏதாவது வெள்ளைத் துணி கொடுங்கள். தெருமுனைத் தையல்காரர் ஒரே நாளில் முடித்துத் தருவார். பழைய சேலையில் இன்னொரு வசதி உண்டு. சுருங்க வேண்டியதெல்லாம் எப்போதோ சுருங்கி முடிந்திருக்கும். புதுப் பருத்தித் துணியை நனைத்துக் காயவைக்காமல் தைத்தால் முதல் சலவையிலேயே தரைக்கு நாலு விரல் மேலே ஏறிக்கொள்ளும். மாமியாரின் பீரோவில் கட்டாமல் கிடக்கும் சுங்குடி ஏதாவது இருந்தால் கேட்டுப் பாருங்கள். அவருடைய சேலை தொங்கும் ஹாலை அவர் ஜவுளிக்கடை என்று சொல்ல மாட்டார் என்று நினைக்கிறேன். ஆனால் கேட்காமல் எடுத்து வெட்டிவிடாதீர்கள், அப்புறம் எனக்கு வேறு மாதிரிக் கடிதம் எழுத வேண்டியிருக்கும்.

கார்ப்பெட்டைச் சுருட்டி வைத்துவிட்டுத் தரையில் கோரைப்பாய் விரியுங்கள். பத்தமடையின் பட்டுப்பாய் உங்கள் பட்ஜெட்டுக்கு எட்டாது, அது தேவையும் இல்லை. சாதாரணக் கோரைப்பாயே கோடைக்குக் குளுகுளுவென்று இருக்கும். ரெக்ஸினோ வெல்வெட்டோ போர்த்திய சோஃபாவாக இருந்தால் மேலே சென்னிமலைப் பெட்ஷீட் ஒன்றை இழுத்துச் செருகிவிடுங்கள், முதுகு ஒட்டாது. மேஜையில் ஒரு பித்தளை உருளி, தண்ணீர், ஒரு கைப்பிடி மல்லிகை. கோடையில்தான் மல்லிகை மலிந்து கிடக்கும். வருஷம் முழுக்க அதே பிளாஸ்டிக் ரோஜாவை வைத்துவிட்டுப் பருவத்துக்கு ஏற்ற அலங்காரம் என்று சொல்வதில் எனக்குச் சம்மதமில்லை.

ஆடிக் காற்றுக்குத் தனி அலங்காரம் எதுவும் வேண்டாம். சேலை ஸ்கிரீன் பறந்து டிவியை மூடும், அவ்வளவுதான். கீழ் மடிப்பின் இரண்டு மூலையிலும் ஒரு ரூபாய் நாணயம் ஒன்றை வைத்துத் தைத்துவிட்டால் அடங்கும். ஆடித் தள்ளுபடியில் எதுவும் வாங்காமல் இருந்தால் இன்னும் நல்லது.

நவராத்திரிக்குக் கொலு வைக்கிற வீடு என்றால் ஹால் எப்படியும் தலைகீழாகும். வைக்காவிட்டாலும் ஆயுத பூஜைக்குக் கழுவித் துடைப்பீர்கள். மழைக்கால மாற்றத்துக்கு அதுதான் சரியான நேரம். வீடியோக்களில் மழை என்றால் நாலு போர்வை, எட்டுத் தலையணை, வாசனை மெழுகுவர்த்தி என்று குவிப்பார்கள். நான் சொல்வது நேர் எதிர். மழை மாதங்களில் ஹாலில் துணி எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. துவைத்தால் காயாது, காயாததை மடித்து வைத்தால் வாடை. கோரைப்பாயும் ஈரத்தில் பூசணம் பிடிக்கும். மழைக்கு முன் ஒருநாள் நல்ல வெயிலில் இரண்டு பக்கமும் காட்டி, சுருட்டிச் செங்குத்தாக நிறுத்திவிடுங்கள். எடுத்து வைக்கும் துணிகளைப் பிளாஸ்டிக் கவரில் கட்டாதீர்கள், பழைய தலையணை உறைக்குள் போட்டு, காய்ந்த வேப்பிலையோ நாலு துண்டு வசம்போ சேர்த்து வையுங்கள். தரை வெறுமனே கிடக்கட்டும். வாசலில் மட்டும் தென்னை நார் மிதியடி, உள்ளே துடைக்கிற மாதிரி இன்னொன்று.

சோஃபாவையும் அலமாரியையும் சுவரைவிட்டு நாலு விரல் தள்ளிப் போடுங்கள். வெளிச்சுவரில் சாரல் அடித்தால் உள்பக்கம் ஓதம் ஏறும். அதோடு ஒட்டி நிற்கும் சோஃபாவின் முதுகில்தான் முதல் பூசணம் வரும், நீங்கள் நகர்த்திப் பார்க்கும்வரை தெரியாது. ஈரவாடையின் ஊற்று அங்கேயாகவும் இருக்கலாம், டார்ச் அடித்துப் பாருங்கள். பாட்டிலில் மணி பிளான்ட் வைத்திருந்தால் வாரம் ஒருமுறை தண்ணீரைக் கொட்டி, பாட்டிலின் உள்பக்கத்தையும் தேய்த்துக் கழுவுங்கள். டெங்கு பரப்பும் கொசு முட்டையிட இப்படிப்பட்ட நல்ல தண்ணீரைத்தான் தேடி வரும்.

மழைக்கால ஹாலை அழகாக்குவது விளக்கு. நம் வீடுகளில் பெரும்பாலும் 6,500 கெல்வின் என்று அட்டையில் போட்டிருக்கும் பளீர் வெள்ளை. வெயில் காலத்தில் அது கண்ணுக்குக் குளிர்ச்சி. மூன்று மணிக்கே இருட்டிக்கொண்டு வருகிற நவம்பரில் அதே வெளிச்சம் ஹாலை ஆஸ்பத்திரி வராந்தாவாக்கிவிடும். இளமஞ்சள் வெளிச்சம் தருகிற 2,700 அல்லது 3,000 கெல்வின் எல்.இ.டி. பல்பு ஒன்று, ஒன்பது வாட், நூறு ரூபாயை ஒட்டிக் கிடைக்கும். சோஃபா பக்கத்தில் ஒரு டேபிள் லாம்ப்பில் போட்டு, மேலே இருக்கும் ட்யூப்லைட்டை அணைத்துப் பாருங்கள். வேறெதுவுமே மாற்றாமல் ஹால் மாறியிருக்கும். மாமியார் பேப்பர் படிக்கும் நேரத்துக்கு மட்டும் ட்யூப்லைட் இருக்கட்டும். கார்த்திகைக்கு எடுக்கும் அகல்களில் நாலைந்தைப் பரணில் ஏற்றாமல் கீழேயே வைத்துக்கொண்டால் மாசி வரை உதவும்.

மார்கழி பாதியில் மழை ஓய்ந்து தரை காய்ந்ததும் உங்கள் ஆசைக்கு இடம் வருகிறது. சென்னையின் குளிர் பெரும்பாலும் 20 டிகிரியை ஒட்டி நின்றுவிடும், ஊட்டி மாதிரி வெல்வெட் ஸ்கிரீன் கேட்காது. ஆனால் அந்த வெல்வெட்டை வீணாக்க வேண்டாம். ஒரு ஸ்கிரீனைப் பிரித்துக் குஷன் உறைகள் தைத்துக்கொள்ளுங்கள், தை, மாசிக்கு அந்த மெரூன் எடுப்பாக இருக்கும். தரைக்கு ஒரு பவானி ஜமக்காளம். பட்டை பட்டையாக அதன் சிவப்பும் பச்சையும் கிடந்தாலே ஹால் நிறைந்துவிடும், பக்கத்தில் வேறு பூ டிசைன் எதுவும் வேண்டாம். மூங்கில் தட்டியை முழுக்கச் சுருட்டி ஏற்றிவிடுங்கள், இந்த வெயிலை உள்ளே விடலாம். உருளியில் மல்லிகைக்குப் பதில் செவ்வந்தி, கிடைத்தால் டிசம்பர் பூ. சிவந்த இலைதான் வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டால், பாதாம் மரம் என்று சென்னையில் சொல்கிற நாட்டு வாதுமையைத் தெருவில் தேடுங்கள். குளிர் முடிகிற வாக்கில் அதன் இலைகள் உதிர்வதற்கு முன்னால் செக்கச்செவேலென்று ஆகும். பெருக்குகிறவர்கள் வருவதற்குள் பத்து இலை பொறுக்கி வந்து தட்டில் பரப்புங்கள், நாலு நாளைக்கு இருக்கும். காசு கொடுத்து வாங்கிய ஆரஞ்சுத் தோரணத்தைவிட நன்றாகவே இருக்கும்.

முடிக் கார்ப்பெட்டைப் போகிக்கு யாருக்காவது கொடுத்துவிடுங்கள். எரித்துவிடாதீர்கள், அது பெரும்பாலும் செயற்கை இழையாகத்தான் இருக்கும்.

செலவைப் பொறுத்தவரை, மூங்கில் தட்டி, ஜமக்காளம், கோரைப்பாய், பல்பு, தையல்கூலி இவ்வளவுதான். ஜமக்காளத்தின் அளவைப் பார்த்து வாங்கினால் ஐயாயிரத்துக்குள் அடங்கும். கொஞ்சம் மீறும்போல் தெரிந்தால் ஜமக்காளத்தை அடுத்த தைக்குத் தள்ளிவையுங்கள். தட்டியைத் தள்ளிவைக்காதீர்கள்.

வால்பேப்பர் வேண்டாம். வெளிச்சுவரில் ஓதம் ஏறினால் பசை விட்டுத் தொங்கும், பின்னால் கருப்புப் பூசணம் படரும். நல்ல சுவரில் ஒட்டினாலும் வீடு காலி செய்யும்போது உரித்தால் பெயின்ட்டும் பட்டியும் சேர்ந்து வரும். ஆணிக்கே கணக்குப் பார்க்கிற வீட்டுக்காரர், ஒரு சுவர் பெயின்ட்டை உங்கள் அட்வான்ஸில் கழிக்காமல் விடுவாரா?